எண் அழிந்த டப்பா என்ன ரகம்?

பிளாஸ்டிக்கைப் பிரிப்பது, கழுவுவது, உருக்குவது பற்றிக் கேரள எல்லையின் இரு பக்கங்களிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: பழைய பொருள் கடை வைத்திருக்கிறேன். சபரிமலை சீசனில் பாட்டிலும் கேனும் மூட்டை மூட்டையாக வரும். பாதிச் சரக்கில் அடியிலிருக்கும் முக்கோண எண் தேய்ந்துபோயிருக்கும், இல்லை உடைந்திருக்கும். கலந்த சரக்கு என்று சொல்லி மொத்த வியாபாரி விலையைக் குறைக்கிறார். எண் இல்லாமல் ரகம் பிரிக்க வழி உண்டா? (வாசகர், கம்பம்)

பதில்: உண்டு. ஒரு வாளித் தண்ணீர், கால் கிலோ உப்பு, ஒரு முழம் செம்புக் கம்பி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இவ்வளவு இருந்தால் போதும்.

முதல் வேலை கண்ணுக்கு. பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நட்டநடுவில் பொட்டு வைத்ததுபோல் சிறு புள்ளி இருந்தால் அது பெட், அதாவது தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக். சோதனைக்குழாய் மாதிரி முதலில் வார்த்து, பிறகு சூடாக்கி ஊதிய பாட்டில் அது. பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடம்தான் அந்தப் புள்ளி. அடியின் குறுக்கே ஒரு தழும்புக் கோடு ஓடினால், குழாயாக இறங்கும் பிளாஸ்டிக்கை அச்சு கடித்துப் பிடித்து ஊதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஹெச்.டி. (கெட்டிப் பாலிதீன்), பி.பி. (பாலிபுரொப்பிலீன்), பி.வி.சி. மூன்றில் ஒன்று. பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருக்கும் பாட்டிலில் இந்தக் கோடு இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். மடித்துப் பாருங்கள். மடிப்பு வெள்ளையாக வெளுத்தால் பெரும்பாலும் பி.வி.சி.

அடுத்தது தண்ணீர். லேபிள், மூடி, பசை ஒட்டிய பகுதிகளை விட்டுவிட்டு, கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு துண்டை வெட்டுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டை உள்ளே அமிழ்த்தி விரலால் தேய்த்துவிட்டுப் பிறகு கையை எடுங்கள். தேய்க்காமல் போட்டால் ஓரத்தில் ஒட்டிய காற்றுக் குமிழி பெட்டையும் மிதக்க வைத்துவிடும். இந்தச் சோதனையில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மிதந்தால் ஹெச்.டி., எல்.டி. (பை, கவருக்கான மென்மையான பாலிதீன்), பி.பி. மூன்றில் ஒன்று. மூழ்கினால் பெட், பி.வி.சி., பாலிஸ்டைரின், ஏ.பி.எஸ்., நைலான் என்று பல இருக்கின்றன.

மூழ்கியவற்றுக்கு உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பு போட்டுக் கரைத்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.08 ஆகும். பாலிஸ்டைரினும் ஏ.பி.எஸ்.ஸும் 1.03 முதல் 1.06 வரைதான், அதனால் மேலே வந்துவிடும். 1.3க்கு மேல் இருக்கும் பெட்டும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடக்கும். இந்த இரண்டையும் எந்த உப்புத் தண்ணீராலும் பிரிக்க முடியாது. முழுக்க உப்பு ஏறிய தண்ணீரின் அடர்த்தியே 1.2தான்.

அந்த இடத்தில் செம்புக் கம்பி உதவும். கம்பியைக் கேஸ் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் மேல் தொட்டு, கம்பியை மட்டும் திரும்பச் சுடரில் காட்டுங்கள். பச்சைச் சுடர் எழுந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. கரண்ட் ஒயரிலிருந்து உருவிய கம்பி என்றால் கவனம் தேவை: அதன் மேலுறையே பி.வி.சி.தான். உறையைச் சீவி எடுத்து, வெறும் கம்பியில் பச்சை வராத வரை எரித்துவிட்டுப் பிறகு தொடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்ட துண்டானால் நன்றாகக் கழுவிவிடுங்கள், உப்பின் மஞ்சள் சுடர் பச்சையை மறைத்துவிடும். வெட்ட வெளியில், காற்று வரும் பக்கம் நின்று, கடுகளவு பிளாஸ்டிக்கில் மட்டும் செய்யுங்கள். மூக்கைக் கொண்டுபோகாதீர்கள். வருவது அமில வாயு.

இனி மிதந்தவை. நகத்தால் கீறினால் தடம் விழுவது பாலிதீன், வழுக்கிக்கொண்டு போவது பி.பி. கீலும் மூடியும் ஒரே துண்டாக வந்து, ஆயிரம் தரம் திறந்து மூடினாலும் உடையாத டப்பா என்றால் பி.பி. அப்படியும் குழப்பம் தீரவில்லையென்றால் தேங்காய் எண்ணெயில் போட்டுப் பாருங்கள். நிறமில்லாத பி.பி. மிதக்கும், ஹெச்.டி. தெளிவாக மூழ்கும். எல்.டி. தயங்கித் தயங்கி இறங்கும். எண்ணெய் முழுக்க உருகியிருக்க வேண்டும்; மார்கழிக் காலையில் உறைந்து கிடக்கும் எண்ணெயில் இந்தச் சோதனை நடக்காது.

இரண்டு விதிவிலக்குகளை மறக்க வேண்டாம். சுண்ணாம்புப் பொடி ஏற்றிய மலிவு நாற்காலி பி.பி.யாக இருந்தும் தண்ணீரில் மூழ்கும். தெர்மகோல் பாலிஸ்டைரினாக இருந்தும் மிதக்கும், உள்ளே இருப்பதில் பெரும்பங்கு காற்று.

கேள்வி: வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள் வரும்போது பால் கவரைக் கழுவித்தான் தரவேண்டும் என்கிறார்கள். எப்படியும் உருக்கத்தானே போகிறார்கள், கழுவுவது எதற்கு? (வாசகி, குமுளி)

பதில்: உருக்கப் போவதால்தான் கழுவச் சொல்கிறார்கள். கவரில் ஒட்டிய பால் இரண்டே நாளில் புளிக்கும், கொழுப்பு சிக்குப் பிடிக்கும். அந்த வாடை உருக்கி எடுக்கும் பிளாஸ்டிக் மணியிலும் நிற்கும். ஈரம் இயந்திரத்துக்குள் ஆவியாகிக் குமிழி விடும், அந்த மணியில் இழுக்கும் பை ஓட்டை ஓட்டையாக வரும். சோப்பு எல்லாம் வேண்டாம். அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் டீக்குக் கொதிக்கும் பாலிலேயே ஊற்றிவிடலாம். பிறகு கவரைக் கவிழ்த்து உலர்த்துங்கள். மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் கீறி மட்டும் விடுங்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டு யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குத்தான் போகும்.

உலர்ந்த கவர்களோடு சிப்ஸ் பாக்கெட்டைச் சேர்க்காதீர்கள். அது பி.பி., பாலிதீன், அலுமினியப் பூச்சு எல்லாம் ஒட்டிய அடுக்குத் தாள். மறுசுழற்சிக்கு ஆகாது, பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகத்தான் போகிறது.

கேள்வி: சின்னப் பட்டறை. கைநெம்புகோல் இன்ஜெக்‌ஷன் மெஷினில் பூந்தொட்டிக் கொக்கியும் பைப் கிளிப்பும் போடுகிறோம். எண் 2 போட்ட பொருள்களை மட்டும் பொறுக்கி அரைத்து உருக்கினோம். சில அச்சில் பாதிதான் நிரம்புகிறது, சில கிளிப் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. எங்கே தவறு? (வாசகர், செங்கோட்டை)

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள்.

பாதி நிரம்புவதற்குக் காரணம், எண் 2 என்ற ஒரே பெயருக்குள் இரண்டு ரகம் இருப்பதுதான். எண்ணெய் கேனும் ஷாம்பு பாட்டிலும் ஊதி வார்ப்பவை. ஊதும்போது குழாயாகத் தொங்கும் பிளாஸ்டிக் அறுந்து விழக்கூடாது என்பதற்காகக் கெட்டியாக ஓடும் ஹெச்.டி.யைப் போடுவார்கள். அதன் உருகோட்ட எண், அதாவது உருகிய பின் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும் எண், ஒன்றுக்கும் கீழே இருக்கும். மூடி, கிரேட் எனப்படும் அடுக்குப் பெட்டி போன்றவை அச்சில் பாய்ச்சி வார்ப்பவை, அவற்றுக்கு நீர்மமாக ஓடும் ரகம் தேவை. உருகோட்ட எண் 5, 10, 20 என்று போகும். கேனை அரைத்துக் கையால் அழுத்தினால் மெல்லிய கிளிப் அச்சின் கடைசி முனை வரை அது போய்ச் சேராது. வெப்பத்தை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று 260, 270 டிகிரிக்குக் கொண்டுபோனால் பிளாஸ்டிக் கருகி வலுவிழக்கும். ஹெச்.டி.க்கு 180 முதல் 220 டிகிரி போதும். கேன், பாட்டில் ரகத்தைத் தனிச் சாக்கிலும், எண் 2 போட்ட மூடி, கிரேட், தடிமனான வாளியைத் தனிச் சாக்கிலும் பிரியுங்கள். கிளிப்புக்கு இரண்டாவது சாக்கு. முதல் சாக்கைத் தடிமனான கொக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஊதும் தொழிற்சாலைக்கு விற்றுவிடுங்கள்.

அடுக்கடுக்காக உரிவது பி.பி. கலந்ததால். பாலிதீனும் பி.பி.யும் தண்ணீரில் ஒன்றாக மிதக்கும், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான். உருகிய பின் மட்டும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி சேராது. ஒன்றுக்குள் ஒன்று தகடு தகடாக நின்று, வளைக்கும்போது அந்தத் தகடுகளின் இடையே பிரியும். பாட்டில் ஹெச்.டி.யாக இருக்கும், மேலே திருகும் மூடி பி.பி.யாக இருக்கும், மூடியோடு சேர்த்து அரைத்திருப்பீர்கள். உடைந்த கிளிப்பின் வாயைப் பாருங்கள். நார் நாராக, மெழுகுத் திரி மாதிரி பிய்ந்திருந்தால் இதுதான் காரணம். சுத்தமான ஹெச்.டி. பிய்யாமல் நீண்டு வெளுக்கும்.

பொருளின் மேல் வெள்ளிக் கோடுகளும் உள்ளே குமிழியும் தெரிந்தால் அது மூன்றாவது நோய், ஈரம். குற்றாலச் சாரல் காலத்தில் அரைத்த சரக்கைத் திறந்த சாக்கில் போட்டு வைத்தால் இது தவறாமல் வரும். ஹெச்.டி. தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் கழுவிய துண்டின் மேற்பரப்பில் நிற்கும் ஈரமே இவ்வளவும் செய்யப் போதும். 80 டிகிரி சூடான காற்றில் இரண்டு மணி நேரம் கிளறிக் காயவையுங்கள்.

வெயிலில் பல வருடம் கிடந்து வெளுத்த கிரேட், நாற்காலியைச் சேர்க்காதீர்கள். வெயில் ஏற்கெனவே அதன் சங்கிலிகளை அறுத்துவிட்டது. உருக்கினால் உருவம் திரும்ப வரும், வலு வராது.

கேள்வி: மூன்று அம்பு முக்கோணம் போட்டிருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? எங்கள் எஸ்டேட் லயத்தில் எண் 7 போட்ட பொருளை, பழைய பொருள் வாங்கும் ஆக்ரிக்காரர் வேண்டாம் என்கிறார். (வாசகர், வண்டிப்பெரியாறு)

பதில்: இல்லை. 1988ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் பிளாஸ்டிக் ரகத்தைக் குறிக்கக் கொண்டுவந்த எண்தான் அது. மறுசுழற்சிக்கான உறுதிமொழி எதுவும் அதில் இல்லை. உலகமே தப்பாகப் புரிந்துகொண்டதால் 2013ல் தரநிலையிலேயே அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகளில் அம்பு இன்னும் தொடர்கிறது. 1 பெட், 2 ஹெச்.டி., 3 பி.வி.சி., 4 எல்.டி., 5 பி.பி., 6 பாலிஸ்டைரின். 7 என்பது தனி ரகம் கிடையாது, "இந்த ஆறில் எதுவும் இல்லை" என்று அர்த்தம். பாலிகார்பனேட் தண்ணீர் கேனும் 7, நைலானும் 7, அடுக்குத் தாளும் 7. அதனால்தான் ஆக்ரிக்காரர் தயங்குகிறார். இருபது லிட்டர் கேன் மாதிரி அடையாளம் தெரிந்த பொருளாக இருந்தால் "பாலிகார்பனேட்" என்று பெயரைச் சொல்லித் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு மாறும்.

கேள்வி: திராட்சைத் தோட்டத்தில் மருந்து டப்பாக்கள், பழைய சொட்டுநீர் டியூப், பறவை வலை எல்லாம் மலையாகச் சேர்ந்துவிட்டன. எதை விற்கலாம்? (விவசாயி, கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: டியூபை விற்கலாம். பக்கவாட்டில் ஓடும் கறுப்பு டியூப் எல்.எல்.டி. என்ற பாலிதீன் ரகம், நல்ல சரக்கு. விலையைக் கெடுப்பது அதில் சொருகியிருக்கும் சில்லறைகள். வெளியே குத்திய சொட்டுவான், டியூபைத் தொடங்கும் இணைப்பான் பெரும்பாலும் பி.பி.; மெயின் பைப்பின் ஓட்டையில் இருக்கும் வளையம் ரப்பர். ரப்பர் உருகாது, உருக்கும் இயந்திரத்தின் சல்லடையைப் போய் அடைக்கும். எனவே டியூபைச் சுருட்டும் முன்பே இவற்றைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு முனையையும் வெட்டி, ஒரு முனையில் மோட்டார் தண்ணீரை விட்டு உள்ளே படிந்த மண்ணை வெளியேற்றுங்கள். உள்மண்ணோடு வந்த டியூபுக்கு எந்த வியாபாரியும் எடையில் கழிப்பார், அது நியாயமும்கூட. மெயின் பைப் பி.வி.சி., அதைத் தனியாகக் கட்டுங்கள்.

பறவை வலை நைலானா, ஹெச்.டி.யா என்று தெரியாவிட்டால் ஒரு பிடியை வெட்டித் தண்ணீரில் கசக்குங்கள். நைலான் மூழ்கும், ஹெச்.டி. மிதக்கும்.

மருந்து டப்பா வேறு விஷயம். காலியானதும் மருந்து கலக்கும் இடத்திலேயே கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே கவிழ்த்துவிடுங்கள். இப்படி மூன்று முறை. மருந்தும் வீணாகாது, கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் எழாது. நாளைக்குக் கழுவலாம் என்று விட்டால் உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு மூன்று முறை போதாது. கடைசியாக அடியில் ஆணியால் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள், யாரும் எடுத்து மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அது குடமாகவோ வாளியாகவோ ஆகும் சரக்கோடு கலந்துவிடும். மேலும் சில டப்பாக்கள் வெளியே ஹெச்.டி., உள்ளே மருந்து ஊறாமலிருக்க நைலான் போன்ற வேறு அடுக்கு என்று இருக்கும், அதனால் உருக்கவும் ஆகாது. பூச்சிக்கொல்லி விதிகள் 1971ன் 44ஆம் விதி, காலி டப்பாவை மறுபடி பயன்படாதபடி உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. வாங்கிய கடையில் திரும்ப எடுக்கும் ஏற்பாடு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். கிணற்று மேடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால் கரையும் புதைக்கும் இடமே அல்ல.

கேள்வி: "மக்கும் பை" என்று கடையில் தருகிறார்கள். துணி மாதிரி இருக்கும் பையும் வருகிறது. இரண்டையும் எப்படிச் சரிபார்ப்பது? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: துணி மாதிரி இருப்பது துணி கிடையாது. பி.பி. நூலைப் பரப்பிச் சூட்டில் ஒட்டவைத்த தாள் அது. ஓரத்தில் இரண்டு நூலைப் பிரித்துப் பாருங்கள். நெய்த துணியானால் பாவு, ஊடு தெரியும். இதில் பொட்டுப் பொட்டாக ஒட்டுத் தடம்தான் தெரியும். மத்திய அரசு விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் இதுவும் ஒன்று. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது நினைவில் வையுங்கள்.

மக்கும் பைக்கும் தண்ணீர்தான் சோதனை. எல்.டி. பை மிதக்கும். மக்கும் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். சுண்ணாம்புப் பொடி ஏற்றிய போலிப் பையும் மூழ்கும் என்பதால் மூழ்கியதாலேயே உண்மையானது என்று நம்பிவிட வேண்டாம். மிதந்தால் மட்டும் அது மக்கும் பை இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பையில் ஐ.எஸ். 17088 தரக்குறியும் தயாரிப்பாளர் விவரமும் இருக்க வேண்டும். அந்தத் தரம் பேசுவது 58 டிகிரி சூடு நிற்கும் பெரிய உரக்கூடத்தைப் பற்றி. வீட்டுத் தென்னை மூட்டுக் குப்பைக் குழியில் அந்தச் சூடு எழாது, பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பால் கவர் மூட்டையில் இதைப் போட்டுவிடவும் கூடாது.

கேள்வி: பிளாஸ்டிக் ரோட்டுக்கு எல்லா பிளாஸ்டிக்கும் எடுப்பார்களா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: எடுக்க மாட்டார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கொண்டுவந்த முறை அது; 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். அது உருகிச் சல்லியில் பூச்சாகப் படிந்த பிறகு தார் சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் உருகும் பை, கவர், பி.பி., தெர்மகோல் ஆகும். பெட் உருக 250 டிகிரி வேண்டும், அதனால் பயனில்லை. பி.வி.சி. அமில வாயு விடும், அதனால் கூடவே கூடாது.

கேள்வி: பெட் பாட்டிலை அரைத்துக் கழுவித் துகளாக விற்கிறோம். நூல் ஆலைக்காரர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். மஞ்சளாகிறது, கறுப்புப் புள்ளி வருகிறது என்கிறார். (வாசகர், புளியரை)

பதில்: கறுப்புப் புள்ளிக்கு முதல் சந்தேகம் பி.வி.சி. நூலாக்கும்போது பெட் 280 டிகிரி வரை போகும். பி.வி.சி. அதற்கு வெகு முன்பே சிதைந்து கருகி, வெளியேறும் அமிலத்தால் பக்கத்துப் பெட்டையும் அறுக்கும். நல்ல ஆலைகள் ஒரு டன்னில் 50, 100 கிராமுக்கு மேல் பி.வி.சி. இருந்தால் எடுப்பதில்லை. ஒரு டன் என்பது ஏறக்குறைய 50,000 ஒரு லிட்டர் பாட்டில். பாட்டிலை முழுசாகச் சுற்றிச் சுருங்கிப் பிடித்திருக்கும் உறை சிலவற்றில் பி.வி.சி.யாக இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிராம் தேறும். அப்படி நாற்பது உறை தப்பிவிட்டாலே உங்கள் லோடு போயிற்று. மூடியும் சாதாரணக் காகிதம் போன்ற சுற்று லேபிளும் தொட்டியில் மிதந்து பிரிந்துவிடும். பி.வி.சி. உறை பெட்டோடு சேர்ந்து அடியில் போகும், தொட்டி அதைப் பிடிக்காது. அரைக்கும் முன்பு பெல்ட்டில் ஆள் நின்று கத்தியால் கிழித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மஞ்சள் பெரும்பாலும் காரத்தால். 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல், 80, 85 டிகிரி, பத்துப் பதினைந்து நிமிடம் என்பதே பசையை எடுக்கப் போதுமானது. அதன்பிறகு அலசும் தண்ணீர் போதாவிட்டால் காரம் துகளில் தங்கி, சூடேறும்போது மஞ்சளாக்கும். கடைசித் தொட்டித் தண்ணீரில் பி.ஹெச். தாளை நனைத்து 7 காட்டும்வரை அலசுங்கள். பிறகு ஒரு கைப்பிடித் துகளைத் தட்டில் பரப்பி 200 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வையுங்கள். பெட் கொஞ்சம் வெளுத்து அப்படியே நிற்கும், பி.வி.சி. துண்டு பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும், பசை மீதமிருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அடுப்பறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு கிலோ துகளை இப்படிச் சுட்டு, கறுத்த துண்டுகளைப் பொறுக்கி நகைத் தராசில் நிறுத்தால், அது 0.1 கிராமைத் தாண்டாத லோடை மட்டும் ஏற்றுங்கள்.